வாய் நிறைய எண்ணெய்

முதல் நிமிடம் எப்போதும் குமட்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெய்தான். ஆனாலும் உள்ளே போனதும் அது வாயைவிடப் பெரிதாகிவிடும், நாக்கு இடம் இல்லாமல் ஒதுங்கி நிற்கும், தொண்டை தானாகவே கதவைச் சாத்திக்கொள்ளும், கண்ணில் நீர் முட்டும். தாரணி விடுதியின் மூன்றாம் மாடி வராந்தாவில், கை கழுவும் தொட்டிகளுக்கு எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, செல்போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள். மணி ஐந்து முப்பத்தைந்து. தொட்டிக்கு மேலே வார்டன் ஒட்டிய காகிதம்: எண்ணெயை இங்கே துப்பக் கூடாது, குழாய் அடைக்கிறது. அந்தக் காகிதத்துக்கு அவள் ஒரு பக்கம் மறுப்பு எழுதி, பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கி, வார்டன் அறையில் முக்கால் மணி நேரம் நின்று வாதாடி, கடைசியில் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் துப்பிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் வாங்கி வந்தாள். அன்றிரவு அறைத்தோழி பெனிட்டா, மார்த்தாண்டத்துக்காரி, போர்வைக்குள் இருந்தபடியே சொன்னாள்: "மக்ளே, ஒன் வாயில எண்ண இருக்க இருபது நிமிசந்தான் இந்த ஆஸ்டலுக்கே நிம்மதி. வார்டனுக்கு அது மட்டும் தெரிஞ்சா டின்னோட வாங்கிக் குடுப்பாங்க." தாரணி சமூகவியல் முதுகலை இரண்டாம் வருடம் படிக்கிறவள், வகுப்பில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குகிறவள், எதிராளி வாயை மூடியபிறகும் இரண்டு பாயிண்ட் மிச்சம் வைத்திருக்கிறவள். அவளுக்குப் பேச முடியாத இந்த நேரத்தில்தான் பேச வேண்டியது எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. இன்றைக்கு வரிசையில் முதலில் நின்றது ஒன்றே ஒன்று. அம்மா, அன்றைக்கு நீ இடது கையை ஏன் அப்படி மார்மேல் மடக்கிக்கொண்டாய். அதைக் கேட்டுவிட வேண்டும். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அம்மாவின் மிஸ்டு கால் வரும். வந்ததும் துப்பிவிட்டு, திருப்பிக் கூப்பிட்டு, கேட்டுவிட வேண்டும்.

இடப்பக்கக் கன்னத்திலிருந்து வலப்பக்கத்துக்கு, பல்லிடுக்கு வழியாக, அவசரப்படாமல். அப்படித்தான் டாக்டர் ரமாதேவி சொல்லிக்கொடுத்தார். மாசி மாதம் பல்கலைக்கழகத்தில் நாலு சனிக்கிழமைகள் ஒரு வகுப்பு நடந்தது, ஆயுர்வேத தினசரி ஒழுங்கு என்று. பெனிட்டா முடி கொட்டுகிறது என்று போனாள், தாரணி சண்டை போடுவதற்கென்றே போனாள். சூரியனுக்கு முன்னால் எழுவது, நாக்கு வழிப்பது, எண்ணெய் கொப்பளிப்பது, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து ஊறுவது, வெந்நீரில் குளிப்பது, பசித்தபின் சாப்பிடுவது. பாலக்காட்டுக்காரரான டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரைகூட இவளால் பொறுக்க முடியவில்லை. "மேடம், இதெல்லாம் வீட்டில் நாலு வேலைக்காரி வைத்திருந்தவர்களுக்காக எழுதினது. உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து ஒருத்தர் ஊறிக்கொண்டிருந்தால், அந்த வெந்நீரைச் சுட வைத்தது யார்?" வகுப்பு சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "சரிதன்னே. வெந்நீர் வச்சவளோட பேர் புஸ்தகத்தில் இல்லா. அதனால அவளுக்கு எண்ணெய் வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார். பதில் இல்லாத கேள்வி அவளுக்குச் செருப்புக்குள் கல் மாதிரி. நடக்க நடக்க உறுத்தியது. வெந்நீர் வைத்தவள் என்றதும் யார் முகம் வந்து நின்றது என்று சொல்லவா வேண்டும். காங்கயத்தில் தேங்காய்ப் பருப்பைக் காய வைக்கிற களத்தில் அப்பா சென்னியப்பன் மேஸ்திரி, அம்மா மரகதமணி அதே களத்தில் வெயிலில் பருப்பைத் திருப்பிப் போடுகிற ஆள். வீட்டுக் கதவு, தலையணை, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் கொப்பரை வாசம். இருபத்தைந்து வருடமாக எண்ணெய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறவள், தலைக்குத் தவிர வேறெங்கும் ஒரு சொட்டு வைத்ததில்லை. குதிகால் வெடிப்புக்கு மட்டும் எப்போதாவது, அதுவும் ரத்தம் வந்தால்.

சித்திரை விடுமுறையில் ஊருக்குப் போனபோது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினாள். மரகதமணியின் நேரம் என்று தலைப்பு. நாலே முக்காலுக்கு எழுவதில் தொடங்கி ஆறரைக்குக் குளித்து முடிப்பதுவரை ஏழு வரி. ஐந்தாவது வரியை மட்டும் இரண்டு தரம் அடிக்கோடிட்டாள்: உடம்பு முழுக்க எண்ணெய், உன் கையாலேயே, பதினைந்து நிமிடம், யார் கூப்பிட்டாலும் வெளியே வராதே. அதைக் குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். அம்மா எட்டி நின்று படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரேசன் கார்டுக்கு அப்பறம் என்ற பேரை இதுலதாங் கண்ணு பாக்கறேன். எனக்கெதுக்கு இதெல்லாம்? நா என்ன கல்யாணப் பொண்ணா?" அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அப்ப அஞ்சரைக்கு எனக்குக் காப்பி?" அவ்வளவு போதாதா தாரணிக்கு. அடுப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா, பால் எது தண்ணீர் எது என்று தெரியாதா, அவளுக்கு என்று ஒரு மணி நேரம் கிடைத்தால் களம் கவிழ்ந்துவிடுமா என்று அரைமணி நேரம் பொரிந்தாள். அப்பா பேக்கரியில் டீ குடித்துக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்தார். அவள் ஜெயித்தாள். அன்றைக்கு எப்படி ஜெயித்தாள்! முகமெல்லாம் சூடாக, காதில் ரத்தம் இரைய. அம்மா அடுப்படி நிலையில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கேட்க வந்தவள் போல. அந்த முகத்தை அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்கலாம். ஜெயித்தவளுக்கு எங்கே பார்க்க நேரம்.

இப்போது எண்ணெய் நீர்த்துவிட்டது. கெட்டியாக இருந்தது இளகி, எச்சிலோடு சேர்ந்து, வாய்க்குள் புதிதாக ஒரு நீர் ஊறியதுபோல ஆகிவிடும். துப்பும்போது பால்போல வெள்ளையாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறாய் என்று அர்த்தம், மஞ்சளாகவே இருந்தால் ஏமாற்றியிருக்கிறாய். மருதமலைப் பக்கமிருந்து மயில் ஒன்று அகவியது, கீழே மோட்டார் போட்டுவிட்டார்கள், மெஸ்ஸில் கடுகு வெடிக்கிற வாசம். ஐந்து நாற்பத்து மூன்று. இந்த நாற்பத்து மூன்றுதான் போன வாரம் முழுக்க அவளை அரித்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம். இரண்டு பேரும் ஐந்து முப்பத்தைந்துக்கு எண்ணெயை வாயில் விட வேண்டும், இவள் கோவையில், அவள் காங்கயத்தில். முடிந்ததும் அம்மா ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், இரண்டு மணி அடித்து நிறுத்திவிடுவாள். இவளும் பதிலுக்கு இரண்டு மணி. எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. முடிந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். வைகாசி வரை மணி சரியாக ஐம்பத்தைந்துக்கு வரும். பிறகு ஐம்பதுக்கு வந்தது. பிறகு நாற்பத்தெட்டு. போன வாரம் நாற்பத்து மூன்றுக்கே வந்துவிட்டது, எட்டே நிமிடம். இவள் சும்மா இருப்பாளா? அன்று மாலையே கூப்பிட்டு, "அம்மா, நீ என்னை ஏமாத்தலை, உன்னையே ஏமாத்திக்கிற" என்று ஆரம்பித்தாள். எங்கேயோ படித்த வாக்கியம். அந்தப் பக்கம் கையிலிருந்ததைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "செரி கண்ணு. நாளையிலிருந்து ஒழுங்காப் பண்றேன்." அந்தச் செரியில் என்ன இருந்தது? அலுப்பா? இல்லை. களைப்பா? தாரணி அந்தச் செரியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். தோற்றவள் சொல்கிற செரிதான், ஆனால் எதில் தோற்றாள் என்று தெரியவில்லை.

பத்து நாள் முன்னால், புரட்டாசி முதல் சனிக்கிழமை, அவள் ஊருக்குப் போயிருந்தாள். குளியலறை அலமாரியில் தேய்ப்பதற்கென்று அவளே வாங்கி வைத்த தைலப் பாட்டில். சித்திரையில் வாங்கியது, கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை மட்டும் குறைந்திருந்தது. மூடியில் சோப்புத் துளி தெறித்துக் காய்ந்து வெள்ளைப் புள்ளி புள்ளியாக. அதைக் கையில் எடுத்தபோது அவளுக்கு வந்த கோபம்! கதவில் அந்தத் தாள் ஈரத்தில் நெளிந்து, அடிக்கோடிட்ட ஐந்தாவது வரி கரைந்து, சிவப்பாக வழிந்திருந்தது. பாட்டிலோடு அடுப்படிக்குப் போனாள். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "இது என்ன?" என்றாள், ஏதோ களவு பிடித்த மாதிரி. "அஞ்சு மாசமா தினமும் தேய்க்கறேன் தேய்க்கறேன்னு சொன்னியே, எதைத் தேய்ச்ச?" அம்மா தோசையைத் திருப்பினாள். "நேரம் பத்துலை கண்ணு." "நேரம் பத்தலையா, உனக்கு உன் உடம்புன்னாலே ஆகலையா? தொட்டா அழுக்குன்னு யார் சொல்லிக்கொடுத்தாங்க உனக்கு? உன் கை உன் மேல் படறதுக்குக்கூடவா அப்பா பர்மிஷன் வேணும்?" பேசிக்கொண்டே உள்ளங்கையில் தைலத்தை ஊற்றி, வா, நானே தேய்த்து விடுகிறேன், இன்றைக்கு விட மாட்டேன் என்று அம்மாவின் தோளில் கை வைத்தாள். அம்மா சட்டென்று பின்னால் போனாள். முதுகு அலமாரியில் இடித்து ஒரு டம்ளர் விழுந்தது. இடது கையை மடக்கி மார்மேல் சேர்த்துக்கொண்டாள், முந்தானைக்கு மேலே, அடிபட்ட பறவை றெக்கையை ஒடுக்குமே, அப்படி. "வேண்டாங் கண்ணு. வேண்டாஞ் சாமி." தோசை கருகுகிற வாசம். பார்த்தாளே தாரணி, கண்ணால் பார்த்தாளே! பார்த்துவிட்டு என்ன செய்தாள்? சொற்பொழிவு. பெண்ணுடம்பு, வெட்கம், அதை யார் கற்பித்தது, ஏன் கற்பித்தது. செமினார் கட்டுரையில் பாதி அங்கேயே வந்துவிட்டது. அம்மா விழுந்த டம்ளரை வலது கையால் எடுத்து வைத்தாள். இடது கையை அப்போதும் பிரிக்கவில்லை. மத்தியான வண்டிக்கே தாரணி கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பல்லடம் தாண்டும்வரை வாதத்தில் விட்டுப்போன பாயிண்டுகள் ஞாபகம் வந்துகொண்டிருந்தன.

அந்தக் கோபம் நேற்று காலைவரை. நேற்று காலை குளியலறையில் தன் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கழுத்து, தோள், இடது அக்குள், அங்கிருந்து மெதுவாக மார்பின் பக்கவாட்டில் விரல் இறங்கியபோது, கை நின்றுவிட்டது. டாக்டர் ரமாதேவி மூன்றாவது சனிக்கிழமை சொன்ன ஒரு வாக்கியம், அன்றைக்கு இவள் குறிப்பெடுக்காமல் பெனிட்டாவோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்த வாக்கியம், எங்கிருந்தோ வந்தது: "எல்லா திவசமும், நாள் தவறாம, தேய்க்கிற கைக்கு, உடம்பில் புதுசா என்ன வந்தாலும் முதல்ல தெரியும்." எண்ணெய் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. ஒன்றுமே தேய்க்காத பாட்டில் இல்லை அது. கொஞ்ச நாள் தேய்த்திருக்கிறாள். பத்து நாளோ பதினைந்து நாளோ. தேய்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறாள். ஏன் நிறுத்தினாள்? தாரணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நேற்றே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கேள்வி கேட்கிறவளுக்குப் பதில்மேல் பயம் வந்துவிட்டால் வேறென்ன செய்வாள், நூலகத்துக்குப் போய் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கேட்டே தீர வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? அம்மா, மறைக்காமல் சொல். கூடாது, அது போலீஸ் மாதிரி. அம்மா, உனக்கு உடம்புக்கு என்ன? ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லை என்றால் அடுத்த பாயிண்ட் பாட்டில். நேரமில்லை என்றால் அதற்கடுத்தது இடது கை. அடுக்கிக்கொண்டே போனாள், வழக்குக்குத் தயார் செய்கிற மாதிரி, தன் அம்மாவுக்கு எதிராக. வாயில் எண்ணெய் சுழன்றது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாமே. தோளில் சுளுக்கு. களத்தில் கூடை தூக்கியது. ஐம்பது வயதில் யாருக்குத்தான் கை வலிக்காது. ஐந்து நாற்பத்தேழு.

செல்போன் அதிர்ந்தது. அம்மா. சீக்கிரம். பன்னிரண்டு நிமிடத்திலேயே. ஒரு மணி. இரண்டு மணி. நிற்க வேண்டிய இடம். மூன்று. தாரணி திரையையே பார்த்தாள். நாலு. இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளும் மூன்றாவது மணி அடித்ததில்லை. எடுத்துக் காதில் வைத்தாள். வாய் நிறைய எண்ணெய், மூக்கு வழியாக, "ம்?"

"வாயில எண்ணெ வெச்சிருக்கறயா?" அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஹாரன், யாரோ தாராபுரம் தாராபுரம் என்று கத்துகிற சத்தம்.

"ம்."

"துப்பீராத. கண்ணு, கேளு, துப்பீராத. துப்புனா நீ பேசுவ. நீ பேசுனா எனக்குச் சொல்ல வராது. அதுக்கோசரந்தான் இந்த நேரத்துல கூப்புட்டேன். கம்முனு கேளு, என்ன?" மூச்சு வாங்கினாள். "நாம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். ஆறு மணி வண்டிக்குக் கோயமுத்தூர் வாரேன். பயப்படாத. ஒரு கட்டி கண்ணு. இடது பக்கம். நீ எழுதிக் குடுத்தயல்லொ, அதும்படி தேச்சேன். மொத ஒரு வாரம் வெக்கமா இருந்துச்சு, அப்பறம் நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, நல்லா இருந்துச்சு. கதவைச் சாத்திப்போட்டு, ஆரும் கூப்புடாம. பதினாலாம் நாளு கையில தட்டுப்பட்டுது. நெலக்கடலைப் பருப்பாட்ட. வைகாசில."

வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. தாரணியின் விரல்கள் தானாக மடங்கின. எண்ணெய் தொண்டைவரை போய்த் திரும்பி வந்தது. கத்த வேண்டும். வைகாசியில் தெரிந்ததை எவளாவது, எந்தப் பைத்தியக்காரியாவது. செய்தித்தாள் கூம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துப்ப ஒரு நொடி ஆகாது. கை அதுவரைக்கும் போனது.

"துப்பீட்டயா?"

"ம்ஹும்." கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல புள்ள. ஏஞ் சொல்லலேன்னு கேப்ப. உன்ற அப்பா என்ன சொல்லுவாருன்னு உனக்குத் தெரியாதா? தேச்சதுனாலதான் வந்துதும்பாரு. படிச்ச புள்ள எழுதிக் குடுத்துது, ஆத்தாளுக்கு வந்துருச்சுன்னு களம் பூராச் சொல்லுவாரு. உன்னைப் படிச்சது போதும் வான்னுருவாரு. அப்பறம் எனக்குமே கண்ணு, மனசுக்குள்ள அப்படித்தான் இருந்துச்சு. தேய்க்காம உட்டாக் கரைஞ்சு போயிருமோன்னு. அதுதான் அப்பறங் கையே வெக்கலை. எண்ணெக் கொப்பளிக்கறதும் அப்படித்தான். வாயில ஊத்துனா அழுகாச்சி வருது, அழுதா முழுங்கிப்போடுவேன், முழுங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கறயே. அதுதான் சீக்கிரமாத் துப்பிப்போட்டு உனக்கு மணி அடிச்சுருவேன்." கொஞ்சம் சிரித்தாள், சிரிப்பு பாதியில் மூக்கை உறிஞ்சுவதாக மாறியது. "ஆவணில நானே தாராபுரம் போயி ஒரு டாக்டரம்மாகிட்டக் காட்டுனேன். தங்கமான பொம்பள. சொன்னாங்க, தேச்சதுனால வரலீங்மா, தேச்சதுனால தெரிஞ்சுதுங்க, உங்க புள்ள உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்குதுன்னு. சீக்கிரமாத் தெரிஞ்சுதே, சந்தோசப்படுங்கன்னாங்க. நா எப்பத் தெரிஞ்சுதுன்னு அவிங்ககிட்டச் சொல்லலை. வெக்கமா இருந்துச்சு. கோயமுத்தூருக்குச் சீட்டெழுதிக் குடுத்தாங்க. போன மாசம் உனக்குப் பரீட்சைன்னு சொன்னயே, முடியட்டும்னு இருந்தேன். இப்பக் கக்கத்துலயும் ஒண்ணு வந்துருக்குது. நீ அன்னைக்குத் தோளுல கை வெச்சயே, அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி."

காதருகே அலாரம் அடித்தது. இருபது நிமிடம் ஆகிவிட்டது. தாரணி கட்டை விரலால் அதை அணைத்தாள். வாய் வலித்தது, தாடை மரத்துப்போனது, கண்ணீர் வழிந்து உதட்டோரத்தில் நின்றது, உதட்டைத் திறக்காமல் தோளில் துடைத்தாள். தோளில் கை வைத்த அன்றைக்கே சொல்லியிருப்பாள். டம்ளர் விழுந்து, தோசை கருகி, ஒரு கணம் வாய் திறந்தாளே. அந்த ஒரு கணத்தில் இவள் பேசாமல் இருந்திருந்தால். வைகாசியில் ஒரு மாலை அம்மா காரணமில்லாமல் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று சுற்றிச் சுற்றி வந்தபோது, இவள் ஏதோ வார்டன் கதையை ஒரு மணி நேரம் சொல்லி, செரி வெச்சரட்டுமா என்று அம்மாவே கேட்கும்படி விட்டாளே, அன்றைக்கு. எழுதாமல் இருந்திருந்தால் கையில் தட்டுப்பட்டிருக்காது. எழுதினாள், தட்டுப்பட்டது, கண்டுபிடிப்பு சரி, வழி சரி, டாக்டரம்மா சொன்னது சரி. எல்லாப் பாயிண்டும் இவள் பக்கம். நாலு மாதம் மட்டும் அந்தப் பக்கம்.

"நேத்து அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்," என்றாள் அம்மா. "கத்துவாருன்னு பாத்தேன். ஒண்ணுமே பேசலை. இன்னைக்குக் காத்தால நா எந்திரிக்கறக்குள்ள அவரே காப்பி வெச்சுக் கொண்டாந்து குடுத்தாரு. சர்க்கரை போடவே மறந்துட்டாரு. நா ஒண்ணுஞ் சொல்லாமக் குடிச்சுப்போட்டேன். பாவம். நானும் வாரேன்னாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்லயே ஆரம்பிச்சுருவீங்க." வண்டி உறுமுகிற சத்தம். "கண்ணு, நீ எங்கூட வாரயல்லொ? டாக்டருகிட்டச் சண்டை போடாத. அவுங்க எதாச்சும் சொன்னா, ஏன் எதுக்குன்னு குறுக்கால கேக்காத. எங்கையப் புடிச்சுட்டு உக்காந்திரு, போதும். எனக்குப் பயமா இருக்குது கண்ணு. ரொம்பப் பயமா இருக்குது. இத ஆருகிட்டயும் சொல்லலை."

"ம்," என்றாள் தாரணி. அது போதாது. இன்னொரு முறை, நெஞ்சிலிருந்து, "ம்ம்."

"சிங்காநல்லூர்ல எறங்கிட்டுமா?"

"ம்."

"முழுங்கீராத. துப்பீட்டு வெந்நியில வாய் கொப்பளி. எட்டு மணிக்கு வந்துருவேன். வண்டி வந்துருச்சு." வைத்துவிட்டாள்.

மயில் மறுபடி அகவியது. வராந்தாவின் மறுகோடியில் பெனிட்டா துண்டோடு வந்தவள், இவளைப் பார்த்ததும் வழக்கமான கேலிக்கு வாயெடுத்து, முகத்தைக் கவனித்து நின்றுவிட்டாள். "மக்ளே? என்னட்டீ?" தாரணி கையை உயர்த்திக் காட்டினாள், பொறு என்பதுபோல. பெனிட்டா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. எண்ணெய் இப்போது எண்ணெயாகவே இல்லை, வெறும் தண்ணீர், உப்பு. துப்பினால் பேச வேண்டியிருக்கும். பேசினால் முதல் வார்த்தை ஏன் என்றுதான் வரும், அவளுக்கு அது தெரியும், அந்த ஏன் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றுகொண்டிருந்தது. எட்டு மணிக்குள் அதை எங்கேயாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செல்போன் மடியில் அதிர்ந்தது. அம்மா. ஒரு மணி. இரண்டு மணி. நின்றது.

வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தாரணியும் திருப்பி அழைத்தாள். ஒன்று. இரண்டு. நிறுத்தினாள். வாயை இறுக மூடியபடி செய்தித்தாள் கூம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னும் துப்பாமல், உட்கார்ந்திருந்தாள்.